ஹையலூரோனிக் அமிலம்: தோல் பராமரிப்பில் பயன்களும் பயன்படுத்தும் முறையும்

மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் இன்று ‘ஹைலூரானிக் ஆசிட்’ என்ற பெயர் பொறித்த சீரம், க்ரீம், முகம் கழுவும் திரவம், உதட்டுப் பூச்சு எனப் பல பொருள்கள் விற்பனையாகின்றன. தோல் நோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு வருபவர்களுள் சிலர் இத்தகைய குப்பியைக் கையோடு கொண்டுவந்து, “இதைப் பூசலாமா? பூசியும் தோல் வறண்டே இருக்கிறதே, ஏன்?” என்று கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்கமாகக் கூறினால், ஹையலூரோனிக் அமிலம் நீரைப் பிடித்து வைக்கும் பொருள். நீரை உண்டாக்கும் பொருள் அன்று. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், அதனை எப்போது பூச வேண்டும், எப்படிப் பூச வேண்டும், அதனிடம் எதனை எதிர்பார்க்கக் கூடாது என்பவை எளிதில் விளங்கும்.

முக்கியச் செய்திகள்

• ஹையலூரோனிக் அமிலம் நம் உடலில் இயற்கையாகவே உள்ள பொருள். மேலே பூசுவது பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது.
• ஈரமான தோலின் மேல் பூசி, உடனே ஈரப்பதக் க்ரீம் ஒன்றால் மூட வேண்டும்.
• இது தோலின் வறட்சியைக் குறைக்கும், நிறத்தை மாற்றாது, ஆழமான சுருக்கங்களை நீக்காது.
• வெயிலிலிருந்து தோலைக் காக்காது. அதற்குச் சன்ஸ்கிரீன் தேவை.
• ஊசி வழியாகச் செலுத்தப்படும் ஹையலூரோனிக் அமிலம் ஒரு மருத்துவச் சிகிச்சை. அழகு நிலையங்களில் அதனைச் செய்துகொள்ளக் கூடாது.

ஹையலூரோனிக் அமிலம் என்றால் என்ன?

‘அமிலம்’ என்ற சொல்லைக் கேட்டதும், தோலை அரிக்கும் பொருளோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. இது நம் உடலே உண்டாக்கும் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. குளுகுரோனிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்னும் இரண்டு கூறுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டு இச்சங்கிலி உருவாகிறது. கிளைகோலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் ஆகியவற்றைப் போல இது தோலின் மேற்பரப்பை உரிக்காது.

1934-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகிய இருவரும் மாட்டுக் கண்ணின் உட்புறத்தில் நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும், அதில் அடங்கிய யூரோனிக் அமிலத்தின் பெயரையும் இணைத்து இதற்குப் பெயரிட்டனர்.

சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹையலூரோனிக் அமிலம் உள்ளது. அதில் பாதியளவு தோலில் இருக்கிறது. எஞ்சியது மூட்டுத் திரவத்திலும், கண்ணிலும், பிற இணைப்புத் திசுக்களிலும் உள்ளது. உடலில் உள்ள மொத்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து, அதே அளவு புதிதாக உருவாகிறது. அதாவது, இது உடலில் ஒருமுறை சேர்த்துவைத்தால் நிலைத்திருக்கும் பொருள் அன்று. இடைவிடாமல் அழிந்தும் பிறந்தும் வரும் பொருள்.

முன்னர் சேவலின் கொண்டையிலிருந்து இது பெருமளவில் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அழகுப் பொருள்களில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து தயாரிக்கப்படுவதாகும்.

மருத்துவத்தில் இதற்கு நெடுநாளைய இடம் உண்டு. கண்புரை அறுவை சிகிச்சையின்போது கண்ணின் உட்பகுதியைக் காக்கவும், கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தாகவும், சிலருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் ஊசியாகவும் இது பயன்படுத்தப்படுகிறது.

தோலில் நீர் எவ்வாறு தங்குகிறது?

தோலின் மிக வெளிப்புறப் படலத்தை ஒரு செங்கல் சுவருக்கு ஒப்பிடலாம். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து உறுதியாக இருக்கும்வரை உடலின் நீர் எளிதில் ஆவியாகி வெளியேறாது. வெளியிலுள்ள கிருமிகளும் எரிச்சலூட்டும் பொருள்களும் எளிதில் உள்ளே நுழையா. அடிக்கடி சோப்புப் போடுதல், மிகச் சூடான நீரில் குளித்தல், குளிர்ந்த வறண்ட காற்று, முதுமை ஆகியவை இந்தச் சாந்தைக் குறைக்கின்றன. அப்போது தோல் வறண்டு, வெள்ளை கோடிட்டு, அரிக்கத் தொடங்குகிறது.

இச்சுவருக்குக் கீழே உள்ள அடித்தோலில் கொலாஜன் இழைகளின் இடைவெளிகளை ஹையலூரோனிக் அமிலம் நிரப்பி, நீரைப் பிடித்து வைத்துத் தோலுக்குப் பருமையும் நெகிழ்வும் தருகிறது. வயது ஏறும்போது, குறிப்பாக மேல்தோலில், இதன் அளவு குறைகிறது. பல ஆண்டுகள் வெயில் படும் முகம், கழுத்து, கைகளின் புறப்பகுதி ஆகிய இடங்களில் வெயிலாலும் இதன் இயல்பான அமைப்பு மாறுகிறது.

வறட்சிக்குப் பூசும் பொருள்களை அவை செய்யும் வேலையைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

• ஈரத்தைப் பிடிப்பவை: ஹையலூரோனிக் அமிலம், கிளிசரின், யூரியா.
• செல்களின் இடைவெளியை நிரப்பி மிருதுவாக்குபவை: செராமைடுகள், தாவர எண்ணெய்கள்.
• மேலே மூடி போல் அமைந்து நீர் ஆவியாவதைத் தடுப்பவை: பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின்.

வறண்ட தோலுக்கு இம்மூன்று வேலைகளும் தேவை. ஹையலூரோனிக் அமிலம் முதல் வேலையை மட்டுமே செய்கிறது. “பூசியும் வறட்சி போகவில்லை” என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

மேலே பூசும்போது என்ன நிகழ்கிறது?

ஒரு பொருள் நலமான தோலைக் கடந்து எளிதில் உள்ளே செல்ல வேண்டுமாயின், அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல். உடலில் இயல்பாக உள்ள ஹையலூரோனிக் அமிலத்தின் எடையோ பல லட்சம் டால்டன்களுக்கு மேற்பட்டது. எனவே, பூசப்படும் பெரிய மூலக்கூறுகள் தோலின் மேற்பரப்பிலேயே மெல்லிய ஈரப் படலமாகத் தங்குகின்றன. அடித்தோலில் குறைந்துபோன ஹையலூரோனிக் அமிலத்தை அவை ஈடுசெய்வதில்லை.

இதனால்தான் தயாரிப்பாளர்கள் சங்கிலியைத் துண்டாக்கிச் சிறிய மூலக்கூறுகளையும் சேர்க்கின்றனர். பெட்டியின் மேல் ‘மல்டி மாலிக்யூலர்’ என்று காணப்படுவது இதனையே குறிக்கும். சிறியவை மேல்தோலுக்குள் சற்று ஆழமாகச் செல்லக்கூடும். ஆயினும் அவற்றிலும் பெரும்பாலானவை 500 டால்டன் என்னும் எல்லையைவிடப் பல மடங்கு பெரியவையே. மிகச் சிறிய துண்டுகள் சிலருடைய தோலில் எரிச்சலைத் தூண்டக்கூடும் என்ற கருத்தும் உண்டு.

“தன் எடையைப் போல 1000 மடங்கு நீரைப் பிடிக்கும்” என்னும் வாசகம் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. இதனைக் கொண்டு உங்கள் முகத்தில் நிகழ்வதைக் கணக்கிட வேண்டாம். முகத்தில் இடும் இரண்டு மூன்று சொட்டில் உள்ள ஹையலூரோனிக் அமிலத்தின் அளவு மிகச் சிறிது. அது பிடிக்கும் நீரும் அருகில் கிடைக்கும் நீரைப் பொறுத்தது.

உறுதியான பயன்கள் எவை?

முறையாகப் பூசிவந்தால் தோலின் ஈரப்பதம் கூடுவதையும், வறட்சியால் தோன்றும் சொரசொரப்பும் இறுக்கமும் குறைவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 76 பெண்கள் 0.1 சதவீத ஹையலூரோனிக் அமிலம் சேர்ந்த க்ரீமை ஒரு கண்ணைச் சுற்றி நாள்தோறும் இருவேளை 60 நாள்கள் பூசினர். வெவ்வேறு மூலக்கூறு எடை கொண்ட க்ரீம்கள் ஒப்பிடப்பட்டன. எல்லா வகைகளிலும் ஈரப்பதமும் நெகிழ்வும் மேம்பட்டன. சிறிய மூலக்கூறுகள் கொண்டவற்றில் சுருக்கத்தின் ஆழமும் குறைந்தது. இத்தகைய ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் பயன்பட்ட அளவு 0.1 சதவீதமே என்பதும் கவனிக்கத்தக்கது. மிகுந்த சதவீதம் என்பது மிகுந்த பயன் என்று பொருள்படாது.

எதிர்பார்க்கத்தக்கவை:

• வறட்சியாலும் நீர் குறைவாலும் தோன்றும் மெல்லிய கோடுகள் தற்காலிகமாக மங்குதல்.
• முகப்பரு சிகிச்சையில் பயன்படும் ரெட்டினாய்டு, பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றால் உண்டாகும் உலர்ச்சி தணிதல்.
• எண்ணெய்ப் பசையுள்ள தோலிலும் பிசுபிசுப்பு மிகாமல் ஈரம் தங்குதல். இது எண்ணெய் அன்று. ஆதலால் துளைகளை அடைப்பதில்லை.

எதிர்பார்க்கக் கூடாதவை:

• ஆழமான சுருக்கங்கள் மறைதல், தொய்ந்த தோல் இறுகுதல்.
• மங்கு, கரும்புள்ளி, பருத் தழும்பு நீங்குதல்.
• தோல் நிறம் வெளுத்தல். ஹையலூரோனிக் அமிலத்துக்கு நிறத்தை மாற்றும் ஆற்றல் இல்லை. இப்பெயரில் விற்கப்படும் க்ரீம் ஒன்று சில நாள்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்தால், அதில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். உடனே நிறுத்தி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பயன்படுத்தும் முறை

1. மென்மையான சோப்பு அல்லது முகம் கழுவும் திரவத்தால், சாதாரண நீரில் முகத்தைக் கழுவவும். தேய்த்துத் துடைக்க வேண்டாம். பருத்தித் துணியால் ஒற்றி, தோல் சற்று ஈரமாக இருக்கும்படி விடவும்.

2. சீரம் இரண்டு அல்லது மூன்று சொட்டு எடுத்து, முகத்திலும் கழுத்திலும் பரப்பவும். மிகுதியாகப் பூசினால் அது தோலில் ஊறாமல், அழிப்பான் துகள் போல் உருண்டு வரும். அது தோல் உரிவதன்று. அளவு கூடியதன் அறிகுறி.

3. அது முற்றிலும் உலருமுன், ஒரு நிமிடத்துக்குள், ஈரப்பதக் க்ரீம் பூசவும். இப்படியை விட்டுவிடக் கூடாது. மூடி இல்லாத பாத்திரத்து நீர் ஆவியாவது போல, மேற்பூச்சு இல்லாவிடில் பிடித்த ஈரமும் காற்றில் கலந்துவிடும். பின்னர் முகம் முன்னிலும் இறுகியது போல் தோன்றும்.

4. பகலில் இவற்றின் மேல் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசவும்.

5. நாளொன்றுக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும்.

வைட்டமின் சி சீரம், நியாசினமைடு, ரெட்டினாய்டு ஆகியவற்றுடன் இதனைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக் களிம்பு ஏதேனும் இருந்தால், எதனை முதலில் பூசுவது என்பதை அவரிடமே கேட்டறியவும்.

புதிய பொருளை முதன்முறையாக முகத்தில் பூசாமல், முழங்கைக்கு உட்புறம் சிறிய இடத்தில் ஒரு வாரம் நாள்தோறும் பூசிப் பார்க்கவும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு தோன்றாவிடில் முகத்தில் பயன்படுத்தலாம். ஒவ்வாமைக்குக் காரணம் பெரும்பாலும் ஹையலூரோனிக் அமிலமாக இராது. அதனுடன் சேர்க்கப்படும் நறுமணப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ ஆகும்.

தட்பவெப்பத்துக்கு ஏற்ற மாற்றம்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரப்பதம் மிகுதி. அங்கு வாழ்பவர்களுக்கு, குறிப்பாக எண்ணெய்ப் பசைத் தோல் உடையவர்களுக்கு, சீரத்தின் மேல் இலகுவான லோஷன் போதுமானது. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளிலும், மார்கழி, தை மாதக் குளிரிலும், நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் பணிபுரியும்போதும் நிலைமை வேறு. வறண்ட காற்று தோலின் ஈரத்தை விரைவில் கவர்ந்துகொள்ளும். அப்போது கெட்டியான க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ மேற்பூச்சாகத் தேவைப்படும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

உட்பொருள் பட்டியலில் இது பல பெயர்களில் காணப்படும். ‘சோடியம் ஹையலூரோனேட்’ என்பது இதன் உப்பு வடிவம்; ‘ஹைட்ரோலைஸ்டு ஹையலூரோனிக் ஆசிட்’ என்பது சிறு துண்டுகளாக்கப்பட்ட வடிவம்.

• 1 சதவீதத்துக்கு மேற்பட்ட உட்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்படும். அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் இருக்கலாம். எனவே ஹையலூரோனிக் அமிலம் பட்டியலின் கடைசியில் இருப்பதாலேயே பொருள் போலியானது என்று கருத வேண்டியதில்லை. சிறிதளவே நீரைக் கூழாக்கிவிடுமாதலால், எவரும் இதனைப் பெருமளவில் சேர்க்க இயலாது.
• தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். இவை இல்லாத பொருளை வாங்க வேண்டாம்.
• எளிதில் எரிச்சலுறும் தோல் உடையவர்கள் நறுமணம் சேர்க்காத பொருளைத் தேர்ந்தெடுக்கவும்.
• முகம் கழுவும் திரவத்தில் சேர்ந்துள்ள ஹையலூரோனிக் அமிலத்துக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி நீரோடு கழுவப்பட்டுவிடும்.

இதனை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. கல்லூரி மாணவர்களும், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரும் இதற்கெனப் பெருந்தொகை செலவிடுவதைக் காண்கிறோம். அவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு: வறண்ட தோலுக்கு ஹையலூரோனிக் அமிலம் பல வழிகளுள் ஒன்றேயன்றி, இன்றியமையாத மருந்தன்று.

கிளிசரினும் ஈரத்தைப் பிடிக்கும் பொருளே. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. ஆதலால் தோலின் மேற்படலத்துக்குள் எளிதில் செல்கிறது. நீண்ட காலமாகத் தோல் மருத்துவத்தில் பயன்பட்டுவரும் அதன் விலையும் மிகக் குறைவு. அதனை நேரடியாகப் பூசாமல், கிளிசரின் சேர்ந்த லோஷனாகவோ சிறிது நீர் கலந்தோ பூசலாம்.

தேங்காய் எண்ணெயும் பயனுள்ளதே. பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தோல் வறட்சி உடையவர்கள் இரண்டு வாரம் பூசியபோது தூய தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தந்தன. நம் வழக்கில் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்துச் சீயக்காயால் அதனை நீக்கிவிடுகிறோம். அதனால் எண்ணெயின் பயன் பெரிதும் குறைந்துவிடுகிறது. குளித்து முடித்து, உடல் சற்று ஈரமாக இருக்கும்போதே சில துளி எண்ணெயைக் கை கால்களில் தடவுவது வறட்சிக்கு ஏற்றது. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசுவதைத் தவிர்க்கவும்.

செலவிடக்கூடிய தொகை குறைவாக இருப்பின், முன்னுரிமை இவ்வரிசையில் அமையட்டும்: முதலில் மென்மையான சோப்பு, அடுத்து ஒரு நல்ல ஈரப்பதக் க்ரீம், பின்னர் சன்ஸ்கிரீன். இம்மூன்றும் அமைந்த பின்னரே ஹையலூரோனிக் அமில சீரத்தைப் பற்றி எண்ண வேண்டும். சன்ஸ்கிரீனைத் தவிர்த்துவிட்டுச் சீரம் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும்.

ஊசி வழிச் சிகிச்சை: கட்டாயம் அறிய வேண்டியவை

இதுவரை கூறியவை மேற்பூச்சுக்கு உரியவை. ‘ஃபில்லர்’ எனப்படும் ஊசிச் சிகிச்சை முற்றிலும் வேறானது. அதில் எளிதில் சிதையாதவாறு சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட ஹையலூரோனிக் அமிலக் கூழ், தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. உதட்டைப் பருமனாக்கவும், கன்னம், கண்ணடிக் குழி ஆகியவற்றை நிரப்பவும் இது செய்யப்படுகிறது. இதன் பயன் பொதுவாகச் சில மாதங்கள் முதல் ஓராண்டு அல்லது சற்று மேற்பட்ட காலம் வரை நீடிக்கும்.

பயிற்சி பெற்ற மருத்துவரின் கையிலும் வீக்கம், இரத்தக்கட்டு, கட்டிகள், தொற்று ஆகியவை ஏற்படலாம். எல்லாவற்றிலும் கொடியது, கூழ் தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் செல்வது. அவ்வாறு சென்றால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, அப்பகுதித் தோல் அழுகக்கூடும். மூக்கு, நெற்றி, புருவ இடைப்பகுதி ஆகிய இடங்களின் இரத்தக் குழாய்கள் கண்ணின் இரத்தக் குழாய்களோடு தொடர்புடையவை. அங்கு இவ்வாறு நேர்ந்தால் மீளாப் பார்வையிழப்பும், அரிதாகப் பக்கவாதமும் ஏற்படலாம்.

இக்கூழைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்னும் நொதி மருந்து உள்ளது. ஆனால் அது உடனடியாகக் கையில் இருக்க வேண்டும். அதனை எங்கே, எவ்வளவு செலுத்துவது என்பதை அறிந்த மருத்துவரும் இருக்க வேண்டும். அழகு நிலையத்திலோ, வீட்டிலோ, மருத்துவப் பட்டம் இல்லாதவரிடமோ இவ்வூசியைப் போட்டுக்கொள்வது ஆபத்தானது என்று கூறுவதற்குக் காரணம் இதுவே.

ஊசியின்றி, மிகுந்த அழுத்தத்தால் கூழைத் தோலுக்குள் செலுத்தும் ‘ஹையலூரான் பேனா’ எனப்படும் கருவிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் எச்சரித்தது. ஊசி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கூழ் எந்த ஆழத்தில், எந்தக் குழாய்க்குள் செல்கிறது என்பதை இக்கருவியால் கட்டுப்படுத்த இயலாது.

ஃபில்லர் செய்துகொண்ட பின் கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் அது அவசர நிலை. காலை வரை காத்திருக்காமல், ஊசி போட்ட மருத்துவரையும் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையையும் உடனே அணுகவும். தேவையெனில் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

• ஊசி போட்ட இடத்தில் கடுமையான வலி, அல்லது நேரம் செல்லச் செல்லக் கூடும் வலி.
• தோல் வெளிறுதல், அல்லது வலைப்பின்னல் போன்று ஊதா நிறமாதல்.
• பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், கண்ணில் வலி, பார்வை இழத்தல்.
• பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கை கால் தளர்தல்.

வறட்சி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்

எல்லா வறட்சியும் பூச்சினால் தீர்வதன்று. கீழ்க்கண்டவை இருப்பின், சீரத்தை மாற்றி மாற்றி வாங்குவதில் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுகவும்.

• வறட்சியுடன் சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை: தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கலாம்.
• வறண்டு வெடித்த பாதம், மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்: இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.
• உடல் முழுவதும் வறட்சியும் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும்: சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் செயல்பாட்டைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். வீட்டில் பிறருக்கும் அரிப்பு இருந்தால் சொறி நோயாகவும் இருக்கலாம்.
• மடிப்புகளில் சிவந்து, தடித்து, நீர் கசியும் வறட்சி: எக்சிமாவாக இருக்கலாம்.
• மாதக்கணக்கில் க்ரீம் பூசி, நிறுத்தியதும் முகம் சிவந்து எரிதல்: ஸ்டீராய்டு கலந்த க்ரீமின் பாதிப்பாக இருக்கலாம்.
• வெளிறிய அல்லது சிவந்த, வறண்ட, வியர்க்காத, தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமல்: தொழுநோயாக இருக்கலாம்.

இறுதியாகக் கூறியதைத் தனியே வலியுறுத்த வேண்டியுள்ளது. உணர்ச்சியற்ற தேமலை ‘வெறும் வறட்சி’ என்று எண்ணிப் பூச்சுகளால் மூடிவைத்தால், நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை கால்களில் ஊனம் ஏற்படும் வரை நோய் வளரக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும். அம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் விலையின்றி வழங்கப்படுகின்றன. இதில் வெட்கப்படவோ அஞ்சவோ எதுவும் இல்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூசலாமா?
பூசலாம். மேற்பூச்சு பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. ஆயினும் அதே குப்பியில் ரெட்டினால் போன்ற பொருள் சேர்ந்துள்ளதா என்று பார்க்கவும். கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டு வகைகளைத் தவிர்க்க வேண்டும். ஊசிச் சிகிச்சையை அக்காலத்தில் செய்துகொள்ளக் கூடாது.

குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் தேவையா?
தேவையில்லை. அவர்களின் தோலில் இது இயல்பாகவே போதுமான அளவில் உள்ளது. வறட்சி இருந்தால் எளிய ஈரப்பதக் க்ரீம் போதும்.

எத்தனை நாள்களில் பயன் தெரியும்?
மிருதுத்தன்மை பூசியவுடனே தெரியும். மெல்லிய கோடுகளில் மாற்றம் காண நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். பூசுவதை நிறுத்தினால் பயனும் படிப்படியாக மறையும். அதனால் தோலுக்குத் தீங்கு ஏதும் இல்லை.

மாத்திரையாக உட்கொள்ளலாமா?
சில சிறிய ஆய்வுகள் தோலின் ஈரப்பதம் சற்று மேம்படுவதாகக் கூறினாலும், பரிந்துரைக்கும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல. சமநிலையான உணவும் போதிய குடிநீரும் பொது நலத்துக்குத் தேவை; ஆயினும் தோலின் மேற்பரப்பு வறட்சி நீர் மிகுதியாகக் குடிப்பதால் மட்டும் தீர்வதில்லை.

காயம், புண் உள்ள இடத்தில் பூசலாமா?
அழகுப் பொருளாக விற்கப்படும் சீரத்தைப் பூச வேண்டாம். புண்ணுக்கெனத் தூய்மையாகத் தயாரிக்கப்பட்ட மருந்துகள் தனியே உள்ளன. மருத்துவர் அறிவுரைப்படி பயன்படுத்தவும். நீரிழிவு உள்ளவர்கள் கால் விரல் இடுக்குகளில் எந்த ஈரப்பதக் க்ரீமையும் பூசக் கூடாது. அங்கு ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று உண்டாகும்.

நினைவில் கொள்க

ஈரமான தோல், அதன் மேல் சிறிதளவு ஹையலூரோனிக் அமிலம், அதனை மூட ஒரு க்ரீம், பகலில் சன்ஸ்கிரீன்: பயன்படுத்தும் முறை இவ்வளவே. வாங்க இயலாதவர்கள் எதனையும் இழந்துவிடவில்லை; கிளிசரின் லோஷனும் தேங்காய் எண்ணெயும் வறட்சியைத் தணிக்கும் வேலையை நன்றாகவே செய்கின்றன. நான்கு வாரங்கள் முறையாகப் பூசியும் வறட்சி தீரவில்லை எனில், அடுத்த குப்பியை வாங்குவதற்கு முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவையோ அணுகவும். வரும்போது நீங்கள் பூசிவரும் எல்லாப் பொருள்களையும் உறையோடு கொண்டுவரவும். காரணத்தைக் கண்டறிய அவை மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. இது மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகாது.